தப்பே இல்லாத கட்டுரைக்கு ஏன் சி ப்ளஸ்?

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்திலிருந்து சில பகுதிகள்:

“எனக்கு வயது 38. அமெரிக்கா வந்து ஏழு வருடம் ஆகிறது. நர்சிங் படிக்க வேண்டும் என்பது பழைய ஆசை. இந்தப் பருவம்தான் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன். நர்சிங்குக்கு முன்னால் முதலாண்டு எழுத்து வகுப்பை முடித்தாக வேண்டும் என்றார்கள். சிலபஸ் மட்டுமே 11 பக்கம். நான்கு கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு டிராஃப்ட், நடுவில் பியர் ரிவ்யூ என்று என் மகன் வயதுப் பிள்ளைகள் என் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்வார்களாம்.

முதல் கட்டுரை, பிள்ளைகளுக்கு எப்போது போன் கொடுக்கலாம் என்பது பற்றி. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். கணவர் இலக்கணம் பார்த்துக் கொடுத்தார். ஒரு தப்பு இல்லை. ஆனாலும் சி ப்ளஸ். ஓரத்தில் ‘யார் சொல்கிறார்கள்?’, ‘அதனால் என்ன?’, ‘இதில் நீங்கள் எங்கே?’ என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். திருத்தி எழுதினால் மதிப்பெண்ணை மாற்றுவாராம். வரும் வெள்ளி வரை நேரம். என் ஆங்கிலம் அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. மகன், ‘ஏ.ஐ.யில் போட்டுத் தருகிறேன், விடும்மா’ என்கிறான். அவனுக்கு 15 வயது. கணவர் வேலைக்குப் போய்விட்டால் ஸ்கூல், கிளினிக், பேங்க் என்று எந்த அழைப்பு வந்தாலும் அவன்தான் பேசுவான். போன மாதம் தண்டனையாக அவன் போனை ஒரு வாரம் பூட்டி வைத்தேன். தவித்துப்போனது நான்தான். இந்த வயதில் இதெல்லாம் தேவையா? வகுப்பை விட்டுவிடலாமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். விட வேண்டாம். பத்தொன்பது வருடங்களாக இதே வகுப்பை நடத்திவருகிறேன். உங்கள் கடிதத்தையும் கூடவே அனுப்பியிருந்த கட்டுரையையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மூன்று நாள் உழைத்த ஒன்றுக்கு சி ப்ளஸ் வந்தால் மனசு வலிக்கும். அந்த வலியோடு ஓரக் குறிப்புகளைப் படித்ததால் அவற்றில் இல்லாத ஒன்றைப் படித்துவிட்டீர்கள். இன்னொரு முறை பாருங்கள். மூன்று குறிப்பில் ஒன்றுகூட ஆங்கிலத்தைப் பற்றியது இல்லை. மூன்றும் கேள்விகள். உங்கள் மொழி பிடிக்காத ஆசிரியர் சொற்களுக்குக் கீழே கோடு போட்டிருப்பார். இவர் உங்களோடு பேச முயன்றிருக்கிறார்.

இந்த வகுப்பு வேற்றுமொழிக்காரர்களுக்காக வந்ததும் அல்ல. ஹார்வர்டில் 1885-இல் இப்படியொரு பாடத்தை முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். அங்கே அன்று உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசி வளர்ந்த, வசதியான வீட்டுப் பையன்கள். அவர்களுக்கே எழுதச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. நன்றாகப் பேசத் தெரிவது ஒன்று. காகிதத்தில் ஒரு எண்ணத்தை முளைவிட வைத்து, வளர்த்து, முன்பின் தெரியாத ஒருவரையும் கூட அழைத்துப்போவது வேறொன்று. பிறக்கும்போதே அதைக் கற்றுக்கொண்டு வந்தவர் யாரும் இல்லை. உங்கள் பக்கத்து நாற்காலிப் பையனும் அங்கேதான் தடுமாறிக்கொண்டிருக்கிறான். அவன் தடுமாற்றம் சரளமான ஆங்கிலத்துக்குள் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, கட்டுரைக்கு வருவோம். முதல் பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“இன்றைய நவீன உலகில் கைபேசி மனித வாழ்வின் பிரிக்க முடியாத அங்கமாகிவிட்டது. கைபேசியால் பல நன்மைகள் உண்டு. அதே சமயம் தீமைகளும் உண்டு. எனவே பெற்றோர் பிள்ளைகளுக்குக் கைபேசி கொடுக்கும்போது மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.”

ஒரு தப்பும் இல்லை. கணவர் நன்றாகவே பார்த்திருக்கிறார். ஆனால் இதைப் படித்துவிட்டு “இல்லை, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்” என்று உலகத்தில் யாராவது சொல்வார்களா? கவனமாக இருக்கக் கூடாது என்று வாதாட ஒருவரும் வரமாட்டார்கள். சிக்கல் அங்கேதான். எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த, எல்லோரும் தலையாட்டுகிற ஒன்றைச் சொல்ல ஐந்து பக்கம் தேவையில்லை. ‘அதனால் என்ன?’ என்று அவர் கேட்டது இதைத்தான்.

இப்படி எழுதியது உங்கள் குற்றமும் இல்லை. பள்ளியில் நம்மை அப்படித்தான் பழக்கினார்கள். முன்னுரை, நன்மைகள், தீமைகள், முடிவுரை. இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு நடுவில் பத்திரமாக நின்றால் முழு மதிப்பெண். நானும் அப்படி எழுதித்தான் வளர்ந்தேன். அந்தப் பயிற்சி ஒழுங்கைக் கற்றுத்தந்தது. உங்கள் பத்திகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீராக நிற்பதற்கு அதுதான் காரணம். இந்த வகுப்பு அதற்கு மேல் ஒன்றைக் கேட்கிறது: நீங்கள் எந்தப் பக்கம், ஏன்? அதைத்தான் இங்கே தீசிஸ் என்கிறார்கள். பெரிய பெயராக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். புத்தியுள்ள ஒருவர் மறுத்துப் பேச இடமுள்ள ஒரு வாக்கியம், அதைத் தாங்கிப்பிடிக்க உங்களிடம் ஆதாரம். இவ்வளவுதான் தீசிஸ்.

அந்த வாக்கியம் உங்களிடம் இருக்கிறது. கட்டுரையில் இல்லை, எனக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. மகன் போனை ஒரு வாரம் பூட்டி வைத்தேன், தவித்துப்போனது நான்தான் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். பிள்ளைகளும் போனும் பற்றிய அறிவுரைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வீட்டில் விவரம் தெரிந்தவர் பெற்றோர், போன் என்பது பிள்ளையின் விளையாட்டுப் பொருள், அதனால் பெற்றோர் எடுத்து வைத்தால் நஷ்டம் பிள்ளைக்கு மட்டும். உங்கள் வீட்டில் அப்படி இல்லை. கிளினிக்கில் இருந்து வரும் அழைப்பில் அம்மாவின் குரலாக இருப்பவன் மகன். அவன் போனைப் பூட்டினால் அம்மாவின் வாயையும் சேர்த்துப் பூட்டியதாகிறது. அப்படியானால், “எந்த வயதில் போன் தரலாம் என்ற கேள்வியே எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. பெற்றோருக்காகப் பேசுகிற பிள்ளைகள் உள்ள வீட்டில் போன் வீட்டு வேலைக்கான கருவி, அதைத் தண்டனையாகப் பறிப்பது குடும்பத்தையே முடக்கும்” என்று ஒருவர் வாதாடலாம். இன்னொருவர், “அதனாலேயே அந்தச் சுமையைப் பதினைந்து வயதுப் பையன் தலையில் வைக்கக் கூடாது” என்று மறுக்கலாம். இரண்டும் நியாயமானவை. நீங்கள் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம். எழுதிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ‘இதில் நீங்கள் எங்கே?’ என்ற குறிப்பு இந்த இடத்தைத் தேடித்தான் வந்தது.

“என் வீட்டுக் கதையைக் கல்லூரிக் கட்டுரையில் எழுதலாமா, அது படிப்பாகுமா?” என்று உங்களுக்குத் தோன்றும். உங்களுக்குக் கொடுத்த அசைன்மென்ட் தாளைப் பாருங்கள். சொந்த அனுபவத்தை ஆதாரமாகப் பயன்படுத்தலாம் என்று இரண்டாம் பத்தியில் இருக்கிறது. ஆனால் அனுபவம் மட்டும் போதாது. உங்கள் வீட்டில் நடந்ததை ஒரு காட்சியாக, அரைப் பக்கத்தில், நடந்தபடியே எழுதுங்கள். அப்புறம், இது உங்கள் வீட்டோடு நிற்கிற விஷயமா, புலம்பெயர்ந்த மற்ற வீடுகளிலும் இப்படியா என்று நூலகத்தில் தேடுங்கள். பிள்ளைகள் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பதைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ‘லாங்குவேஜ் புரோக்கரிங்’ என்று தேடினால் கிடைக்கும். கல்லூரி நூலகரிடம் இந்தச் சொல்லைச் சொல்லுங்கள், பாதி வேலையை அவர் முடித்துக் கொடுப்பார்.

‘யார் சொல்கிறார்கள்?’ என்ற குறிப்புக்கும் அதுதான் பதில். மூன்றாம் பக்கத்தில் “போனால் பிள்ளைகளின் கவனம் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன” என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஆய்வு, யார் செய்தது, எந்த வருடம்? பெயர் சொல்லாத ஆய்வு வதந்திக்குச் சமம். நீங்கள் நர்சாகப் போகிறவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். நோயாளியின் கோப்பில் “நோயாளிக்கு வலி இல்லை” என்று எழுதுவதும், “வலி இல்லை என்று நோயாளி சொன்னார்” என்று எழுதுவதும் ஒன்றல்ல. நோயாளி சொன்னது எது, நர்ஸ் கண்ணால் பார்த்தது எது, அளந்து பார்த்தது எது என்று பிரித்து எழுத வேண்டும். அடுத்த ஷிஃப்டில் வருபவர் அதை நம்பித்தான் மருந்து கொடுப்பார். எழுத்து வகுப்பில் மேற்கோள் காட்டச் சொல்வதும் இதே பழக்கத்தைத்தான். நர்சிங்குக்கு முன்னால் இந்த வகுப்பைப் போட்டிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு என்று நான் மனதார நம்புகிறேன்.

மேற்கோள் வடிவத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். உங்கள் சிலபஸில் எம்.எல்.ஏ. (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) முறை, ஒன்பதாம் பதிப்பு என்று இருக்கிறது. அது 2021-இல் வந்தது. நர்சிங் பாடங்களுக்குப் போனதும் பெரும்பாலும் ஏ.பி.ஏ. (அமெரிக்கன் சைக்கலாஜிக்கல் அசோசியேஷன்) முறைக்கு மாறச் சொல்வார்கள். இரண்டையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பர்டூ பல்கலைக்கழகத்தின் இணைய எழுத்துக்கூடத்தில் இரண்டுக்கும் மாதிரிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பார்த்துப் பார்த்து எழுதினால் போதும், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஒரு நூலின் வாக்கியத்தை எடுத்து நான்கைந்து சொற்களை மட்டும் மாற்றிவிட்டு உங்கள் வாக்கியமாக வைக்கக் கூடாது. பெரியவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே சொல்வது மரியாதை என்று பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். இங்கே அது திருட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். வழி எளிது: பத்தியைப் படியுங்கள், மூடி வையுங்கள், தோழியிடம் சொல்வதுபோல் சொல்லிப் பாருங்கள், சொன்னதை எழுதுங்கள், எழுதியவர் பெயரைப் போடுங்கள்.

இப்போது டிராஃப்ட். ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு டிராஃப்ட் என்று எழுதும்போதே உங்கள் சலிப்பு தெரிந்தது. இரண்டாம் டிராஃப்ட் என்றால் முதலாவதைச் சுத்தமாகப் பிரதி எடுத்து, தப்புத் திருத்திக் கொடுப்பது என்று நினைக்கிறீர்கள். எல்லா மாணவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான்சி சோமர்ஸ் என்ற ஆய்வாளர் இதை 1980-இல் எழுதினார். முதலாண்டு மாணவர்களையும், அனுபவமுள்ள எழுத்தாளர்களையும் எழுதித் திருத்தச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாணவர்கள் சொற்களை மாற்றினார்கள். அனுபவசாலிகள் தங்கள் வாதத்துக்கான வடிவத்தைத் தேடினார்கள். பத்திகளைத் தூக்கி எறிந்தார்கள், இடம் மாற்றினார்கள், தாங்கள் சொல்ல வந்ததையே மாற்றிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் செய்ய வேண்டியதும் அந்த இரண்டாம் வேலைதான். ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டுரையின் ஒவ்வொரு பத்திக்கும் “இது என்ன சொல்கிறது?” என்று ஒரே வரி எழுதுங்கள். உங்கள் கட்டுரைக்கு நான் செய்து பார்த்தேன். இரண்டாம் பத்தியும் ஐந்தாம் பத்தியும் ஒரே விஷயம். நான்காம் பத்தி, போன் கண்டுபிடித்த வரலாறு, யாருக்கும் தேவையில்லை. ஆறாம் பத்தியின் நடுவில் “சில வீடுகளில் பிள்ளைகள் பெரியவர்களுக்கு உதவவும் போனைப் பயன்படுத்துகிறார்கள்” என்று ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரிதான் புதுக் கட்டுரையின் விதை. அதை வைத்துக்கொண்டு மற்றதில் பாதியைத் துணிந்து எறியுங்கள். எறிவது வீண் அல்ல, அந்தப் பத்திகளை எழுதியிருக்காவிட்டால் இந்த வரி வந்திருக்காது.

இதற்கெல்லாம் நேரம்? நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், நிறைய வேண்டும். அமெரிக்கக் கல்லூரிக் கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு, வெளியே குறைந்தது இரண்டு மணி நேர வேலை. உங்கள் வகுப்பு மூன்று கிரெடிட், அதாவது வாரத்துக்கு ஒன்பது மணி நேரம், சுமார் 15 வாரம். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன் என்கிறீர்கள். அந்த மூன்று நாளை இரண்டு வாரத்தில் பரப்பி, தினம் முக்கால் மணி நேரமாகப் பிரித்தால் அதே உழைப்பு இரண்டு மடங்கு பலன் தரும். நடுவில் தூங்கி எழுந்து பார்க்கும்போதுதான் ஓட்டைகள் தெரியும். பெரியவர்கள் இந்த வகுப்பில் விழுவது பெரும்பாலும் திறமை இல்லாமல் அல்ல, நேரத்தைக் குறித்து வைக்காமல்தான். நான்கு கட்டுரைகளின் எட்டு டிராஃப்ட் தேதிகளையும் இன்றே நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். 11 பக்கச் சிலபஸில் நீங்கள் அடிக்கடி திருப்பிப் பார்க்க வேண்டியது அந்தத் தேதிகளையும், தாமதமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற பத்தியையும், மதிப்பெண் அட்டவணையையும்தான். அந்த அட்டவணையில் இலக்கணத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார் என்று பாருங்கள். என் வகுப்பில் 100-க்கு 15.

பியர் ரிவ்யூவைப் பற்றி எழுதும்போது உங்கள் குரலில் ஒரு கூச்சம் இருந்தது. மகன் வயதுப் பிள்ளைகள் நம்மைத் திருத்துவதா என்று. அவர்கள் திருத்த வரவில்லை. வாசகராக வருகிறார்கள். “இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை”, “இதை இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்” என்று பதினெட்டு வயதுப் பிள்ளை சொன்னாலும் அது உண்மைதான், ஏனென்றால் புரியாமல் போனது அந்தப் பிள்ளைக்குத்தான். அதை வைத்து என்ன செய்வது என்பது உங்கள் முடிவு. அவர்கள் கட்டுரையைப் படிக்கும்போது “நன்றாக இருக்கிறது” என்று மட்டும் எழுதி நகர்ந்துவிடாதீர்கள். எந்த வரியில் நின்றீர்கள், எங்கே சந்தேகம் வந்தது என்று சொல்லுங்கள். பிள்ளை வளர்த்தவர் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. என் வகுப்புகளில் மிகவும் பயன்பட்ட கருத்துகளைப் பல முறை வயதில் மூத்த மாணவர்கள்தான் கொடுத்திருக்கிறார்கள்.

மகன் ஏ.ஐ.யில் போட்டுத் தருகிறேன் என்றது அம்மா மேல் உள்ள பாசத்தில். அவனிடம் கோபப்பட வேண்டாம். ஆனால் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு ஆசிரியரும் இதற்கு ஒரு விதி வைத்திருப்பார், உங்கள் சிலபஸிலும் இருக்கும், படித்துவிடுங்கள். விதி ஒருபுறம் இருக்கட்டும். ஏ.ஐ.யிடம் இந்தத் தலைப்பைக் கொடுத்தால் இன்றைய நவீன உலகில் என்று தொடங்கி, நன்மையும் தீமையும் சொல்லி, கவனமாக இருக்க வேண்டும் என்று முடிக்கும். நீங்கள் சி ப்ளஸ் வாங்கிய அதே கட்டுரைதான், இன்னும் வழவழப்பாக. பூட்டி வைத்த போனைப் பற்றி அதற்குத் தெரியாது. கணவரிடமும் ஒன்று சொல்லுங்கள்: முதல் டிராஃப்டில் இலக்கணம் பார்க்க வேண்டாம், கடைசியில் பார்த்தால் போதும். தூக்கி எறியப்போகிற பத்திக்கு ஏன் கால்புள்ளி திருத்த வேண்டும்?

அதற்குப் பதிலாக மகனிடம் வேறொன்று கேளுங்கள். அந்தக் கிளினிக் அழைப்புகளில் பேசும்போது அவனுக்கு எப்படி இருக்கிறது? பெருமையா, பயமா, எரிச்சலா? அவன் சம்மதித்தால் அந்தப் பதிலைக் கட்டுரையில் சேர்க்கலாம். உங்களுக்குத் தெரியாத ஒன்றை அவன் சொல்லக்கூடும், உங்கள் தீசிஸே அதனால் மாறினாலும் மாறட்டும்.

ஆசிரியரின் ஆபீஸ் அவர்ஸுக்கு இந்த வாரமே போங்கள். சிபாரிசு கேட்கப் போவதுபோல் தயங்க வேண்டாம், அந்த நேரம் மாணவர்களுக்காகவே ஒதுக்கியது. “ஏன் சி ப்ளஸ்?” என்று தொடங்கினால் அவர் தன் மதிப்பெண்ணுக்கு நியாயம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். “நான் இப்படி மாற்றி எழுத நினைக்கிறேன், இது சரியான திசையா?” என்று அந்த ஒற்றை வாக்கியத்தைக் காட்டிக் கேளுங்கள். ‘ப்ரொஃபசர்’ என்று கூப்பிட்டால் போதும். ரைட்டிங் சென்டருக்கும் ஒரு அப்பாயின்ட்மென்ட் போடுங்கள், காசு கிடையாது. அங்கே திருத்தித் தரமாட்டார்கள், கேள்வி கேட்பார்கள். ஒரு மணி நேரம் உங்களைப் பேச வைப்பார்கள். உங்களுக்குப் பேச வரும் என்று கடிதத்தைப் படித்த எனக்குத் தெரியும்.

வகுப்பை விடுவதைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு விட்டால் மதிப்பெண் பட்டியலில் ‘டபிள்யூ’ (பாதியில் விலகியவர்) என்று பதிவாகும், நிதியுதவி வாங்குகிறீர்கள் என்றால் அதையும் பாதிக்கலாம். எப்போதாவது அந்த எண்ணம் மறுபடி வந்தால் முதலில் கல்லூரி ஆலோசகரைப் பாருங்கள். ஆனால் நான்கில் ஒரு கட்டுரை, அதுவும் திருத்தி எழுத வாய்ப்புள்ள ஒன்று, விடுவதற்கான காரணம் ஆகாது.

இன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய கட்டுரையைத் திறக்க வேண்டாம். ஆங்கிலம் தடுத்தால் தமிழிலேயே எழுதுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். போனைப் பூட்டி வைத்த அந்த வாரத்தில் முதலில் வந்த அழைப்பு யாரிடமிருந்து? எடுத்தீர்களா, அடிக்க விட்டுவிட்டீர்களா? அதிலிருந்து தொடங்குங்கள்.